பாதி குச்சியில், பாதி பெட்டியில்

தீயை உண்டாக்கும் செயலுக்குத் தமிழில் ஒரே வினைச்சொல் இல்லை. விளக்கை ஏற்றுகிறோம், அடுப்பை மூட்டுகிறோம், பட்டாசைக் கொளுத்துகிறோம், பீடியைப் பற்றவைக்கிறோம், வேள்வித் தீயை வளர்க்கிறோம், சிதைக்குக் கொள்ளி வைக்கிறோம், பகைவன் கூரைக்கு ஒருவன் தீ வைக்கிறான். வேதியியல் நோக்கில் இவை யாவும் ஒரே நிகழ்ச்சி. எரியும் இயல்புள்ள ஒரு பொருள், அதைச் சூழ்ந்த உயிர்வளி, இரண்டையும் வினைபுரியத் தூண்டும் அளவுக்கு வெப்பம் ஆகிய மூன்றும் ஓரிடத்தில் கூடினால் தீ பிறக்கும். மொழி அவ்வளவில் அமைவதில்லை. யார், எதற்காக, எதன்மீது என்றெல்லாம் கேட்ட பிறகே அது வினைச்சொல்லைத் தேர்கிறது.

இவ்வினைகளுள் ஓர் இணை பொதுவாழ்வுக்கு மிகவும் வேண்டியது. மூளுதல் தன்வினை, மூட்டுதல் அதன் பிறவினை. 'கிளர்ச்சி மூண்டது' என்று எழுதினால் அதைச் செய்தவர் மறைந்துபோகிறார். 'கிளர்ச்சியை மூட்டினார்' என்று எழுதினாலோ, அது மூள்வதற்காக நெடுநாள் காய்ந்து கிடந்தவை மறைந்துபோகின்றன. வரலாறு எழுதுவோர் இவ்விரு வினைகளுள் ஒன்றைத் தேரும்போதே பாதித் தீர்ப்பை எழுதிவிடுகிறார்கள். இதனை விளக்குவதற்குத் தீக்குச்சியின் வரலாற்றைவிடப் பொருத்தமானது வேறில்லை எனலாம்.

கடைகோலும் குச்சியும்

சங்க நூல்கள் ஞெலிகோல் என்று குறிப்பிடும் தீக்கடைகோலை நம் அன்பர்கள் நன்கறிவர். இடையன் கைவருந்தக் கடைந்து பெற்ற அத்தீயைக் கொண்டு மூங்கிலில் துளையிட்டுக் குழல் செய்ததைப் பெரும்பாணாற்றுப்படை கூறுகிறது. தீயும் இசையும் ஒரே கையின் உழைப்பில் பிறந்த காட்சி அது. ஞெலிகோலுக்குப் பின் சிக்கிமுக்கிக் கல்லும் இரும்பும் பஞ்சும் வந்தன. எனினும் தீயைப் புதிதாக உண்டாக்குவது உலகெங்கும் கடினமான வேலையாகவே நீடித்தது. உள்ள தீயைச் சாம்பலுக்குள் பொதிந்து காப்பதும், அணைந்துபோனால் அண்டை வீட்டில் போய் நெருப்பு வாங்கி வருவதுமே எளிய குடும்பங்களின் வழக்கம்.

இந்நிலையை மாற்றியவர் இங்கிலாந்தின் ஸ்டாக்டன் நகரில் மருந்துக்கடை வைத்திருந்த ஜான் வாக்கர். பொட்டாசியம் குளோரேட்டும் ஆன்டிமனி சல்பைடும் பிசினும் கலந்த மருந்தைக் குச்சியின் நுனியில் பூசி, உப்புத்தாளிடையே இழுத்தால் எரியும் குச்சிகளை 1827 ஏப்ரலில் அவர் விற்கத் தொடங்கினார். அதற்கு அவர் காப்புரிமை பெறவில்லை. அவர் வழியைப் பின்பற்றிப் பிறர் செய்து விற்ற குச்சிகளுக்கு 'லூசிபர்' என்ற பெயர் வழங்கலாயிற்று. இலத்தீனில் அதற்கு ஒளியைச் சுமந்து வருவது என்பது பொருள்.

வாக்கரின் குச்சி எளிதில் பற்றவில்லை. பற்றினால் நாலாபுறமும் பொறி சிதறிற்று. அக்குறையைப் போக்க வந்தது பாஸ்பரஸ். 1669இல் ஹாம்பர்க் நகரின் ஹென்னிக் பிராண்ட் என்ற இரசவாதி பொன் தேடிச் சிறுநீரைக் காய்ச்சியபோது கிடைத்த பொருள் இது. இருட்டில் தானே ஒளிர்ந்தமையால் இப்பெயர் பெற்றது. கிரேக்கத்தில் இதற்கும் ஒளியைச் சுமப்பது என்றே பொருள். 1830களில் ஐரோப்பிய நாடுகள் பலவற்றில் வெள்ளைப் பாஸ்பரஸ் பூசிய குச்சிகள் பெருகின. சுவரிலோ செருப்பின் அடியிலோ, எங்கே உரசினாலும் அவை எரிந்தன. ஈரக் காற்றில் ஏறத்தாழ 30 பாகை வெப்பத்திலேயே பற்றிக்கொள்ளும் பொருள் அது. அதனால்தான் அதனை நீருக்குள் வைத்துக் காக்கின்றனர்.

ஆனால் அது நஞ்சு. அதன் ஆவி, சொத்தைப்பல் வழியே தாடை எலும்பை அடைந்து அதனை உயிரோடு அழுகச் செய்தது. முதலில் பல்வலி, பின் வீக்கம், பின் சீழ், பலருக்கு முடிவில் தாடையை அறுத்தெடுக்க வேண்டியதாயிற்று. வியன்னாவின் மருத்துவர் லோரின்சர் 1845இலேயே இந்நோயைப் பற்றி எழுதினார். அதே ஆண்டில் அதே நகரில் ஆன்டன் ஷ்ரோட்டர், வெள்ளைப் பாஸ்பரஸைக் காற்றுப்புகாமல் சூடேற்றிச் சிவப்புப் பாஸ்பரஸாக மாற்றும் முறையைக் கண்டறிந்தார். தனிமம் ஒன்றே, குணம் வேறு: சிவப்பு வகை 240 பாகைக்கு மேல்தான் பற்றும், ஆவியாகி எலும்பை அரிக்காது. நோயும் அதற்கு மாற்றும் ஓராண்டில் ஒரே நகரில் வெளிப்பட்டன என்பது குறிப்பிடத்தக்கது.

சுவீடனின் பாஷ் என்ற வேதியியலறிஞர் 1844இல் உரிமம் பெற்றிருந்த ஒரு கருத்தை, யான்ஷோப்பிங் நகரின் லுண்ட்ஸ்ட்ரோம் சகோதரர்கள் சிவப்புப் பாஸ்பரஸைக் கொண்டு செம்மைப்படுத்தினர். 1855இல் பாரிசுக் கண்காட்சியில் அது பரிசு பெற்றது. கருத்து எளியது. உயிர்வளியைத் தரும் பொட்டாசியம் குளோரேட் குச்சியின் தலையில் இருக்கட்டும். பாஸ்பரஸ் பெட்டியின் பக்கத்தில் இருக்கட்டும். உரசும்போது பெட்டியிலிருந்து பெயரும் சிவப்புப் பாஸ்பரஸின் ஒரு துகள் அக்கணத்தில் வெள்ளைப் பாஸ்பரஸாக மாறிப் பற்றுகிறது. குச்சியின் தலை அதனை ஏற்று வளர்க்கிறது. தீயின் பாதி குச்சியில், பாதி பெட்டியில். இன்று நம் வீட்டு மாடத்தில் இருக்கும் தீப்பெட்டி இதுதான்.

போ பகுதிப் பெண்கள்

பாதுகாப்பான குச்சியின் பிரிட்டிஷ் உரிமையை 1855இலேயே விலைக்கு வாங்கிய நிறுவனம் பிரையன்ட் அண்டு மே. 1861இல் கிழக்கு லண்டனில் போ என்னும் பகுதியில் அது தொழிற்சாலை அமைத்தது. ஆயினும் மலிவாகச் செய்து மிகுதியாக விற்கக்கூடியது வெள்ளைப் பாஸ்பரஸ் குச்சிதான் என்பதால் அதனையும் செய்துகொண்டே இருந்தது. பின்லாந்து 1872இலும் டென்மார்க் 1874இலும் வெள்ளைப் பாஸ்பரஸைத் தடைசெய்தன. பிரிட்டனோ வணிகச் சுதந்திரத்தில் தலையிடலாகாது என்று வாளாவிருந்தது.

அத்தொழிற்சாலையில் வேலை செய்தோர் பெரும்பாலும் இளம்பெண்கள். ஐரிஷ் குடும்பங்களைச் சேர்ந்தோர் பலர். கோடையில் காலை 6.30 மணி முதல் மாலை 6 மணி வரை வேலை. 1888 ஜூன் 23ஆம் நாள் 'த லிங்க்' என்னும் சிற்றிதழில் அன்னி பெசன்ட் எழுதிய கட்டுரையில் அவர்கள் வாழ்வு கணக்காகவே பதிவாகியுள்ளது. பதினாறு வயதுப் பெண் ஒருத்தியின் வாரக் கூலி 4 ஷில்லிங். கால் அழுக்காக இருந்தால் 3 பென்னி அபராதம். தாமதமாக வந்தால் அரைநாள் கூலி இல்லை. அவ்வாண்டுக்கு முந்திய ஆண்டில் பங்குதாரர்களுக்கு நிறுவனம் வழங்கிய ஈவுத்தொகை 23 விழுக்காடு. பிரதமர் கிளாட்ஸ்டனுக்கு நிறுவனத்தார் எழுப்பிய சிலைக்காகத் தங்கள் கூலியில் ஆளுக்கொரு ஷில்லிங் பிடித்தனர் என்று அப்பெண்கள் அவரிடம் கூறியிருந்தனர். தீப்பெட்டிகளை வீட்டில் ஒட்டித் தந்த பெண்களின் நிலை இன்னும் கீழானது: 144 பெட்டிகளுக்கு இரண்டேகால் பென்னி, பசையும் அவர்கள் செலவு.

அக்கட்டுரையின் முடிவில் கவிஞர்கள் கருதவேண்டிய ஒரு செய்தி உண்டு. இத்துயரத்தைத் தின்று வாழ்வோருக்கென நரகத்தில் ஒரு தனி வட்டம் வகுக்க மக்களுக்கென்று ஒரு தாந்தே இல்லையே என்று பெசன்ட் ஏங்குகிறார். அத்தகைய கவி இல்லாத நிலையில் அந்நிறுவனத்தின் பொருள்களை வாங்காமலிருப்போம் என்பதே அவர் வாசகர்களிடம் வேண்டியது. வேலைநிறுத்தம் செய்யுமாறு அவர் எங்கும் எழுதவில்லை.

நிர்வாகம் ஒரு தாளைக் கொண்டுவந்து, கட்டுரையில் உள்ளவை பொய் என்று கையொப்பமிடுமாறு பெண்களை வற்புறுத்தியது. அவர்கள் மறுத்தனர். ஒருத்தி வேலையினின்று நீக்கப்பட்டாள். ஜூலைத் தொடக்கத்தில் ஏறத்தாழ 1,400 பேர் வெளியேறினர். வெளியேறிய பிறகே அவர்களுள் ஒரு கூட்டத்தார் பிளீட் தெருவுக்கு நடந்து சென்று பெசன்டைக் கண்டனர். அவர் நிதி திரட்டினார், பாராளுமன்ற உறுப்பினர்களிடம் பேசினார், எழுதினார். இரண்டு வாரத்திற்குள் நிர்வாகம் இறங்கிவந்தது. அபராதங்கள் ஒழிந்தன, நீக்கப்பட்டோர் திரும்ப எடுக்கப்பட்டனர், பாஸ்பரஸ் படாத இடத்தில் உண்பதற்குத் தனியறை தருவதாக ஒப்புக்கொண்டனர். அதே மாதத்தில் பெண்களின் தொழிற்சங்கமும் பிறந்தது. மறு ஆண்டு லண்டன் துறைமுகத் தொழிலாளர் பெரும் வேலைநிறுத்தம் நடந்தது.

இதை மூட்டியவர் யார்? வெளியிலிருந்து வந்தோர் எங்கள் பெண்களைத் தூண்டிவிட்டனர் என்றது நிறுவனம். பெசன்டின் கட்டுரை என்னும் தீப்பொறியால் பற்றிய போராட்டம் என்றனர் அவரைப் போற்றியோர். ஒரு தரப்பு பழியாகச் சொன்னதை மறுதரப்பு புகழாகச் சொன்னது. வினைச்சொல் மட்டும் இருதரப்புக்கும் பொது: அவர் 'மூட்டினார்'. வேலையை விட்டால் மறுநாள் உணவில்லை என்று தெரிந்தும் கையொப்பமிட மறுத்த பெண்கள் இவ்விரு கதைகளிலும் வெறும் விறகாயினர். ஆய்வாளர் லூயிஸ் ரா 2009இல் வெளியிட்ட நூல் இதனை மறுத்தது. அப்பெண்கள் முன்னரும் வேலைநிறுத்தம் செய்தவர்கள். துறைமுகத் தொழிலாளர் குடும்பங்களோடு உறவும் அண்டையும் உடையவர்கள். போராட்டம் அவர்களுடையதே என்று அவர் நிறுவினார். இதனால் பெசன்டின் பங்கு சிறுமைப்படவில்லை. அவர் எழுத்து இல்லையேல் அக்கையொப்பத்தாள் வந்திராது. அப்பெண்களின் மறுப்பு இல்லையேல் அவர் எழுத்து ஒரு சிற்றிதழின் பழைய பக்கமாக மக்கியிருக்கும்.

வெற்றிக்குப் பிறகும் வெள்ளைப் பாஸ்பரஸ் உடனே ஒழியவில்லை. 1891இல் இரட்சணிய சேனை அதே பகுதியில் சிவப்புப் பாஸ்பரஸ் குச்சிகளுக்கென்று தொழிற்சாலை திறந்து, நஞ்சின்றியும் இத்தொழில் நடக்கும் என்று காட்டியது. பிரையன்ட் அண்டு மே 1901இல்தான் வெள்ளைப் பாஸ்பரஸைக் கைவிட்டது. 1906இல் பெர்ன் நகரில் பன்னாட்டு உடன்படிக்கை. 1908இல் பிரிட்டனின் சட்டம். அது நடைமுறைக்கு வந்தது 1910இல். பாரிசில் பரிசு பெற்ற பாதுகாப்பான குச்சிக்கும் இத்தடைக்கும் இடையே கழிந்தவை 55 ஆண்டுகள். அறிவு பற்றவைக்கப்பட்டுவிட்டது, அது அறமாகப் பற்றிப் பரவ அரை நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று.

தூத்துக்குடியும் சிவகாசியும்

போ பகுதிப் பெண்களைச் சந்தித்த அதே அன்னி பெசன்ட் 1893 நவம்பரில் தூத்துக்குடியில் கரையிறங்கினார். 1907இல் பிரம்மஞான சபையின் தலைவரானார். 1916இல் சென்னையில் தன்னாட்சி இயக்கத்தைத் தொடங்கினார். 1917 ஜூனில் சென்னை அரசு அவரைக் காவலில் வைத்தது. அதனால் நாடெங்கும் எழுந்த எதிர்ப்பு, அவ்வாண்டு இறுதியில் அவரைக் காங்கிரசின் தலைமைப் பீடத்தில் அமர்த்தியது. அரசு மீண்டும் அதே வினையைக் கையாண்டது: அவர் கலகத்தை மூட்டுகிறார். ஆனால் அந்தத் தீ எல்லோருக்கும் ஒரே வெளிச்சமாக இருக்கவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். 1916 டிசம்பரில் வெளிவந்த பார்ப்பனரல்லாதார் கொள்கை விளக்கம், தன்னாட்சி என்பது யாருடைய ஆட்சியாகும் என்று கேட்டது. ஒரே ஆண்டில் ஒரே நகரில் இரு வேறு தீக்கள் மூண்டன. மூட்டியவரை மட்டும் பார்த்தால் முதல் தீ விளங்கும். காய்ந்து கிடந்ததைப் பார்த்தால்தான் இரண்டாவது விளங்கும்.

இந்தியாவில் வெள்ளைப் பாஸ்பரஸ் தீக்குச்சிகளைத் தடைசெய்யும் சட்டம் 1913இல் இயற்றப்பட்டது. அக்காலத்தில் நம் நாட்டுக்குத் தீப்பெட்டிகள் சுவீடனிலிருந்தும் ஜப்பானிலிருந்தும் வந்துகொண்டிருந்தன. 1922இல் சிவகாசியைச் சேர்ந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்று, மறு ஆண்டு ஊரில் தொழில் தொடங்கினர். மழை பொய்த்த கரிசல் நிலத்தில் வேளாண்மைக்குப் பகையான வறட்சி, குச்சியும் மருந்தும் காய்வதற்குத் துணையாயிற்று. சாத்தூர், கோவில்பட்டி வரை தொழில் பரவியது. சிவகாசிக்குக் குட்டி ஜப்பான் என்ற பெயரும் நிலைத்தது. தடைச் சட்டம் வந்த பத்து ஆண்டுக்குப் பின் இத்தொழில் இங்கே வேரூன்றியதால், போ பகுதிப் பெண்களின் தாடையைத் தின்ற நஞ்சு நம் பெண்களின் கைக்கு வரவில்லை. ஒரு தலைமுறை பெற்ற துன்பம், கடல் கடந்து, தன்னை அறியாத மற்றொரு தலைமுறையைக் காத்தது. வரலாற்றில் இத்தகைய கொடைகளுக்குக் கல்வெட்டு இருப்பதில்லை.

மற்றத் துன்பங்கள் வந்தன. அப்பக்கத்தார் தொழிற்சாலையைத் தீப்பெட்டி ஆபீஸ் என்றே சொல்வர். அங்கே கட்டை அடுக்கவும், வீட்டுத் திண்ணையில் பெட்டி ஒட்டவும் பல பத்தாண்டுகள் குழந்தைகளின் விரல்களும் பயன்பட்டன. 1986ஆம் ஆண்டுக் குழந்தைத் தொழிலாளர் சட்டம் தீப்பெட்டி, வெடிமருந்து, பட்டாசுத் தொழில்களைத் தடைப்பட்டியலில் சேர்த்தது. வழக்கறிஞர் எம். சி. மேத்தா சிவகாசிக் குழந்தைகளுக்காகத் தொடுத்த வழக்கில் உச்சநீதிமன்றம் 1996 டிசம்பர் 10ஆம் நாள் தீர்ப்பளித்தது. அபாயத் தொழிலில் அமர்த்தப்பட்ட ஒவ்வொரு குழந்தைக்கும் வேலை கொடுத்தவர் 20,000 ரூபாய் செலுத்த வேண்டும் என்றது. சட்டமும் பள்ளிகளும் சத்துணவும் மாற்று வருவாயும் கூடிய பிறகே நிலைமை மெல்ல மாறியது. இங்கும் ஒரு தீர்ப்பு மட்டும் மாற்றத்தை மூட்டவில்லை. குழந்தையைப் பள்ளிக்கு அனுப்புவது என்று தீர்மானித்த தாய்மார்கள் மறுபாதி.

தீப்பெட்டியின் விலை 2007இல் ஐம்பது காசிலிருந்து ஒரு ரூபாயாயிற்று. அடுத்த உயர்வு 2021 டிசம்பரில்தான் வந்தது, இரண்டு ரூபாய். இடைப்பட்ட பதினான்கு ஆண்டுகளில் மரம், மெழுகு, அட்டை, பாஸ்பரஸ் எல்லாம் விலையேறின. ஒரு பொருள் அவ்வளவு காலம் விலையேறாதிருந்தால், அதன் சுமையை எங்கோ ஒரு கை தாங்கிக்கொண்டிருந்தது என்பதே பொருள்.

வினைச்சொல்லின் அறம்

இதுவரை கூறியவற்றால், மூட்டினார் என்ற சொல்லை நீக்கிவிட்டு எங்கும் மூண்டது என்று எழுதுவதே நேர்மை என யாரும் கொள்ளலாகாது. அதற்கு மறுதலையான பிழையும் உண்டு. 1968 டிசம்பர் 25 இரவில், கீழத்தஞ்சையின் கீழ்வெண்மணியில் ஒரு குடிசைக்குள் 44 பேர் எரிந்து மாண்டனர். அவர்களுள் பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். கூலியாக நெல் சற்று உயர்த்திக் கேட்ட வேளாண் தொழிலாளர் குடும்பங்கள் அவை. அங்கே குடிசை தீப்பிடித்தது என்று எழுதுவது பொய். தீ வைத்தார்கள் என்பதே சரியான வினை. அவ்வினைக்கு ஓர் எழுவாய் உண்டு. நிலக்கிழார்களை உயர்நீதிமன்றம் பின்னர் விடுவித்தபோது, அவ்வெழுவாய் சட்டத்தின் ஏட்டில் வெற்றிடமாயிற்று. இலக்கியத்தின் ஏட்டிலும் அது வெற்றிடமாதல் கூடாது என்றே பலர் அந்நிகழ்ச்சியை மீண்டும் மீண்டும் எழுதினர்.

ஆகவே விதி இதுவாகலாம். எளியோர் எழுந்து நின்ற இடத்தில் 'மூட்டப்பட்டனர்' என்று எழுதி அவர்களின் எழுச்சியைப் பறிக்கலாகாது. எளியோர் எரிக்கப்பட்ட இடத்தில் 'தீ மூண்டது' என்று எழுதி எரித்தவரை மறைக்கலாகாது. ஆட்சியாளரின் அறிக்கைகள் பெரும்பாலும் இவ்விரண்டையும் இடம் மாற்றி எழுதும். போராட்டத்துக்கு எழுவாய் தேடிக் கண்டுபிடிக்கும். கொடுமைக்கு எழுவாயை நீக்கிவிடும். அவற்றைத் திருத்தி எழுதும் பொறுப்பு, வினைச்சொற்களை மற்ற எவரினும் நுட்பமாக அறிந்த கவிஞர்களுடையது.

பத்தாண்டு நிறைவு காணும் நம் வட்டத்தில் கனல், பொறி, தழல், சுடர் ஆகிய சொற்கள் படிக்கப்படாத கூட்டம் ஒன்றேனும் நடந்திருக்குமா என்பது ஐயமே. அதில் குற்றமில்லை, தமிழ்க் கவிதைக்குத் தீ அயலானதன்று. ஆனால் தன்னையே பொறியாகவும் மக்களை விறகாகவும் கருதும் கவிதைகள் நம்மிடையே மிகுந்துவிட்டன. அவை பாதுகாப்பான குச்சிக்கு முந்திய காலத்தவை. எங்கே உரசினாலும் எரிவேன் என்ற பெருமை அந்த வெள்ளைப் பாஸ்பரஸ் குச்சிக்கு இருந்தது. அதைச் செய்த கைகள் அடைந்த கேட்டை மேலே கண்டோம். யான்ஷோப்பிங் சகோதரர்களின் குச்சி அடக்கமுடையது. அது தனியே எரிவதில்லை. தனக்கு உரிய மறுபாதி எங்கே இருக்கிறதென்று அறிந்து, அங்கே சென்று உரசினால்தான் எரிகிறது.

மக்களுக்கென்று ஒரு தாந்தே இல்லையே என்று 1888இல் பெசன்ட் வருந்தினார். அந்தக் கவி வராமலேயே அப்பெண்கள் வென்றனர். ஆனால் அவர்களுள் பெரும்பாலோர் பெயரின்றி மறைந்தனர். வெற்றியைத் தேடித் தருவது கவிதையின் வேலையாக இல்லாமல் இருக்கலாம். யார் மூட்டினார், எது மூண்டது, யார் தீ வைத்தார் என்று மூன்றையும் பிரித்துச் சரியாகச் சொல்லி வைப்பது அதன் வேலை. அடுத்த பத்தாண்டில் நம் ஏடுகளில் அத்தகைய வினைச்சொற்கள் பெருகுக.